பிளாஸ்மா டிவியில கேம் ஆடுறது எப்படி: பழைய செட்டைக் கெடுக்காம ஆட முழு வழிகாட்டி

எங்க மாமா வீட்டு ஹால்ல 2013ல இருந்து ஒரு 43 இன்ச் பிளாஸ்மா டிவி ஓடிட்டு இருந்துச்சு. அவரு 4கே எல்இடி வாங்கினதும் இதை எடைக்குப் போட்டுறலாம்னு வராண்டாவுல சாய்ச்சு வச்சுட்டாரு, நான் போய் "மாமா எடைக்குப் போடாதீங்க, எனக்குக் குடுங்க"ன்னு கேட்டு ஆட்டோவுல நிக்க வச்சுப் புடிச்சுட்டே கொண்டு வந்து அன்னைக்கு ராத்திரியே பிஎஸ்4 கேம் கன்சோலை மாட்டினேன். ஒரு கார் ரேஸ் கேம் போட்டேன். வளைவுல வண்டி திரும்பும்போது ரோட்டோரம் இருக்கற விளம்பரப் பலகையில எழுதியிருக்கறதைப் படிக்க முடிஞ்சுது, அதே கேமை என் எல்இடியில ஆடும்போது அந்தப் பலகை எல்லாம் தண்ணி தெளிச்ச மாதிரி கலங்கித்தான் போகும். அன்னைல இருந்து இந்த டிவியை விடல.

இப்போ பிளாஸ்மா யாருமே தயாரிக்கறது கிடையாது. குரோங்கற பிளாஸ்மா டிவி வரிசையால பேர் வாங்கின பயோனியர் 2009லயே டிவி தொழிலை விட்டு விலகறதா சொல்லிட்டாங்க, பானாசோனிக் 2013 டிசம்பரோட தயாரிப்பை நிறுத்துனாங்க, சாம்சங்கும் எல்ஜியும் 2014 கடைசியில மூட்டை கட்டிட்டாங்க. அதனால இனி கிடைக்கறது எல்லாமே பத்து வருஷம் தாண்டுன செட்டுதான், யாராவது வீட்டு மூலையில கிடக்கும், இல்லன்னா பழைய பொருள் விக்கற ஆப்ல எல்இடி விலையில பாதிக்கும் கீழ வரும். அப்படி ஒண்ணு உங்க கைக்கு வந்தா அதுல கேம் ஆடறதுக்கு என்னென்ன பண்ணணும், எதைப் பண்ணவே கூடாதுன்னு நான் இத்தனை நாள்ல கத்துக்கிட்டதை எல்லாம் இங்க எழுதறேன்.

முதல்ல இது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கங்க

இதைத் தாண்டிப் போயிடாதீங்க, பின்னாடி சொல்லப் போற ஒவ்வொரு செட்டிங்குக்கும் காரணம் இங்கதான் இருக்கு.

பிளாஸ்மா டிஸ்ப்ளேவைக் கண்டுபுடிச்சது டிவிக்காக இல்ல. 1964ல அமெரிக்காவோட இல்லினாய் பல்கலைக்கழகத்துல டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, மாணவரா இருந்த ராபர்ட் வில்சன்னு மூணு பேரு சேர்ந்து, பிளேட்டோங்கற கம்ப்யூட்டர் வழி பாடம் நடத்தற சிஸ்டத்துக்கு ஒரு ஸ்கிரீன் வேணும்னு உருவாக்கினது. அந்த ஆரஞ்சு கலர் பிளாஸ்மா டெர்மினல்கள்ல 1970கள்லயே மாணவர்கள் நெட்வொர்க்ல ஒருத்தரை ஒருத்தர் எதிர்த்து கேம் ஆடியிருக்காங்க. ஆக பிளாஸ்மாவுக்கும் கேமுக்கும் உறவு ரொம்பப் பழசு.

பேனலுக்குள்ள ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல லட்சக்கணக்குல குட்டிக் குட்டி அறை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் நியான், ஜெனான் மாதிரி வாயு. கரண்ட் பாயும்போது அந்த வாயு புற ஊதாக் கதிரை விடும், அது அறையோட சுவர்ல பூசியிருக்கற சிவப்பு பச்சை நீல பாஸ்பர்ல பட்டு வெளிச்சமா வரும், நம்ம டியூப் லைட் எரியற மாதிரிதான். முக்கியமான விஷயம் என்னன்னா ஒரு அறையைப் பாதி வெளிச்சத்துல எரிய வைக்க முடியாது, எரியும் இல்லன்னா அணையும், அதனால ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், நிக்கற நேரத்தைப் பல துண்டா பிரிச்சு அதுல எத்தனை துண்டு எரியுதுங்கறதை வச்சுதான் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கறாங்க. டப்பா மேல 600 ஹெர்ட்ஸ்னு போட்டிருப்பாங்கல்ல, அதோட கணக்கு இதுதான், செகண்டுக்கு 60 ஃபிரேம், ஒவ்வொண்ணுக்கும் 10 துண்டு. 600 ஃபிரேம் காட்டுதுன்னு அர்த்தம் இல்ல, உங்க கேம் 60க்கு மேல ஓடாது.

கேமுக்கு இதனால என்ன லாபம்னா, சாதா எல்சிடி (எல்இடி டிவியும் இந்த வகைதான்) ஒரு ஃபிரேமை அடுத்த ஃபிரேம் வர்ற வரைக்கும், அதாவது 16.7 மில்லி செகண்ட் அப்படியே புடிச்சு வச்சிருக்கும், நம்ம கண்ணு அதுக்குள்ள பொருள் போற திசையில நகர்ந்துட்டே இருக்கும், அந்த இழுவைதான் கலங்கலாத் தெரியுது. பிளாஸ்மா சின்னச் சின்ன துடிப்பா வெளிச்சம் விட்டு நடுவுல அணைஞ்சிடறதால கண்ணுக்கு அந்த இழுவை ரொம்பக் கம்மி. நல்ல பிளாஸ்மாவுல டெஸ்ட் படத்தை ஓட விட்டா 1080 கோடுல பெரும்பாலும் ஓட்டத்துலயும் தெளிவா தெரியும், அதே 60 ஹெர்ட்ஸ் எல்சிடியில சுமார் 300 கோடுலயே கலைஞ்சிடும். புட்பால், ரேஸ், ஃபைட்டிங், பக்கவாட்டுல ஓடற கேம் எல்லாத்துலயும் இந்த வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும். அடுத்தது கருப்பு. எரியாத அறை கிட்டத்தட்ட கருப்பாவே இருக்கு, பின்னாடி பேக்லைட்டுன்னு ஒண்ணு கிடையாது, இருட்டு ரூம்ல ஒரு பேய் கேம் ஆடிப் பாருங்க.

குறையும் இதே இடத்துல இருந்துதான் வருது. பாஸ்பர் எரிய எரிய தேயும், ஒரே இடம் அதிகமா எரிஞ்சா அந்த இடம் மட்டும் சீக்கிரம் மங்கும். கேம்ல மேப், ஸ்கோர், லைஃப் பார்னு மணிக்கணக்குல நகராம நிக்கற விஷயங்கள் இருக்கே, அதான் பிரச்சனை.

ஸ்டெப் 1: வாங்கறதுக்கு முன்னாடி செட்டைப் பாருங்க

சும்மா ஆன் பண்ணி ஒரு பாட்டு ஓட விட்டுக் காட்டுவாங்க, அதைப் பார்த்து ஏமாந்துறாதீங்க. ஒரு பென் டிரைவ்ல முழு சிவப்பு, முழு பச்சை, முழு நீலம், வெள்ளை, நடுத்தர சாம்பல், கருப்புன்னு ஆறு படம் போட்டு எடுத்துட்டுப் போங்க, பென் டிரைவ் எடுக்காத பழைய மாடல்னா லேப்டாப்பும் எச்டிஎம்ஐ கேபிளும் கொண்டு போங்க. சாம்பல் படத்துலதான் பழைய தழும்பு எல்லாம் வெளிய வரும். நம்ம ஊர் செட்ல கேமை விட சேனல் லோகோ தழும்புதான் அதிகம், மேல ஒரு மூலையில லோகோ, கீழ நியூஸ் ஓடற பட்டை. என் செட்லயே வலது மேல் மூலையில லேசா ஒரு வட்டம் இருக்கு, அத்தை சாயங்காலம் ஆறு மணில இருந்து பத்து மணி வரைக்கும் வருஷக்கணக்குல ஒரே சேனல்ல சீரியல் பார்த்ததோட அடையாளம் அது. நீலப் படத்துலயும் சாம்பல்லயும் தெரியும், கேம் ஆடும்போது எனக்குத் தெரிஞ்சதே இல்ல. அந்த அளவுக்கு லேசா இருந்தா வாங்கலாம், எழுத்தே படிக்கற மாதிரி இருந்தா வேண்டாம்.

கருப்புப் படத்துல சிவப்பாவோ பச்சையாவோ புள்ளி மினுக்கு மினுக்குன்னு ஓடுதா பாருங்க, அப்படி ஓடினா பேனலுக்குப் போற வோல்டேஜோ போர்டோ சரியில்லன்னு அர்த்தம். குறைஞ்சது அரை மணி நேரம் ஓட விடுங்க, சூடான அப்புறம்தான் சில கோளாறு வரும். எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டையும் மாட்டிப் பாருங்க. வெள்ளைப் படம் போட்டா பின்னாடி ஒரு ரீங்காரம் கேக்கும், லேசா கேட்டா அது பிளாஸ்மாவோட குணம், உக்கார்ற இடத்துல இருந்தே காதுல குத்தினா யோசிங்க. மலை மேல இருக்கறவங்களுக்கு ஒண்ணு, உயரமான இடத்துல காத்தழுத்தம் கம்மிங்கறதால இந்த ரீங்காரம் அதிகமா கேக்கும், அதனால ஊட்டி கொடைக்கானல் பக்கம் கொண்டு போறதா இருந்தா இதையும் கணக்குல வச்சுக்கங்க.

தூக்கிட்டு வரும்போது படுக்கப் போடாதீங்க. ஒரே பெரிய கண்ணாடி, நடுவுல தாங்கறதுக்கு எதுவும் இல்ல, வண்டி பள்ளத்துல இறங்கினா அதோட எடையிலயே விரிசல் விட்டுரும். பழைய 50 இன்ச் செட்டெல்லாம் 30 கிலோவைத் தாண்டும், ரெண்டு பேரு வேணும்.

ஸ்டெப் 2: வைக்கற இடமும் கரண்டும்

ஜன்னலுக்கு எதிர்ல வைக்காதீங்க, முன்னாடி கண்ணாடிங்கறதால பகல்ல உங்க மூஞ்சிதான் தெரியும். வெளிச்சத்துக்கு ஈடு குடுக்க பிரைட்னஸை ஏத்துவீங்க, அது தேய்மானத்தைக் கூட்டும், அதனால ஒரு திரைச்சீலை போட்டுக்கறதுதான் டிவிக்கும் நல்லது. பின்னாடியும் மேலயும் ஒரு 10 சென்டிமீட்டராவது இடம் விடுங்க, சூடு வெளிய போகணும். ஏப்ரல் மே மாசத்துல ஃபேன் மட்டும் ஓடற ரூம்ல மூணு மணி நேரம் ஆடினா டிவிக்கு மேல கை வச்சுப் பாருங்க, தெரியும். அதே காரணத்துக்காக கன்சோலை டிவிக்கு அடியில ஒட்டி வைக்காம தள்ளி வைங்க.

கரண்ட் பில் அதிகமா வருமான்னு எல்லாரும் கேக்கறாங்க. எல்இடியை விட அதிகம்தான், ஆனா பின்னாடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கற வாட்ஸ் அதிகபட்சக் கணக்கு. பிளாஸ்மா படத்தைப் பொறுத்து இழுக்கும், பனி மலை மாதிரி வெள்ளையா இருக்கற காட்சிக்கு அதிகம், இருட்டு குகைக்குக் கம்மி. வோல்டேஜ் ஏறி இறங்கற ஏரியாவா இருந்தா டிவிக்குன்னு விக்கற ஸ்டெபிலைசர் கண்டிப்பா போடுங்க, உள்ள இருக்கற பவர் போர்டு போச்சுன்னா புதுசு கிடைக்கறது குதிரைக்கொம்பு.

ஸ்டெப் 3: உங்க பேனல் ரெசல்யூஷன் என்னன்னு கண்டுபுடிங்க

இதுல நிறையப் பேரு குழம்பறாங்க. முழு எச்டி பிளாஸ்மான்னா 1920க்கு 1080, பிரச்சனை இல்ல. ஆனா நம்ம ஊர்ல அதிகமா வித்த 42, 43 இன்ச் மாடல்ல பெரும்பாலானது 1024க்கு 768. எண்ணைப் பார்த்தா பழைய சதுர மானிட்டர் மாதிரி இருக்கும், ஆனா ஸ்கிரீன் 16:9தான், ஒவ்வொரு புள்ளியும் சதுரமா இல்லாம அகலமா இருக்கும், அவ்வளவுதான். இதுக்கு 720பி குடுத்தாலும் 1080பி குடுத்தாலும் டிவி உள்ள மாத்தித்தான் காட்டும்.

எதைக் குடுக்கறதுன்னா, பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 கேம் பெரும்பாலும் 720பி அளவுலயோ அதுக்குக் கீழயோ உருவானது, அதுக்கு 720பி போதும். பிஎஸ்4, பிஎஸ்5க்கு ரெண்டையும் மாத்தி மாத்திப் பாருங்க, என் செட்ல 1080பி குடுத்தா ஓரங்கள் வழுவழுன்னு வருது, ஆனா மெனுவுல இருக்கற பொடி எழுத்து கொஞ்சம் நசுங்குது. கேம்லயே எழுத்தைப் பெருசாக்கற ஆப்ஷன் இருந்தா முதல் வேலையா அதைப் போடுங்க. 2006, 2007 வாக்குல வந்த சில செட் 1080பியை ஏத்துக்காது, 1080i (ஒரு கோடு விட்டு ஒரு கோடா அனுப்பற முறை) வரைக்கும்தான், அதுல 720பி போடறதுதான் சரி.

அப்புறம் ஓவர்ஸ்கேன். டிவி படத்தோட ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிப் பெருசாக்கிக் காட்டும், அதனால மேப்போட ஓரம் காணாமப் போகும். சாம்சங்ல ஸ்கிரீன் ஃபிட், எல்ஜியில ஜஸ்ட் ஸ்கேன், பானாசோனிக்ல 16:9 ஓவர்ஸ்கேன் ஆஃப், இப்படிப் பேரு மாறும். பிக்சர் சைஸ் மெனுவுல தேடிப் புடிங்க.

ஸ்டெப் 4: கன்சோல் செட்டிங்

எச்டிஆர் (வெளிச்சத்தையும் கலரையும் இன்னும் அதிகமாக் காட்டற புது முறை) இருந்தா ஆஃப் பண்ணுங்க, எந்த பிளாஸ்மாவுக்கும் அது தெரியாது, வழக்கமா கன்சோலே கண்டுபுடிச்சு விட்டுரும், நீங்களும் ஒரு தடவை பார்த்துக்கங்க. 120 ஹெர்ட்ஸும் வேண்டாம். ஆர்ஜிபி ரேஞ்சுங்கறதை, அதாவது கருப்புல இருந்து வெள்ளை வரைக்கும் எந்த அளவுல அனுப்பறதுங்கறதை, லிமிடெட்ல வைங்க, கன்சோல்ல ஃபுல் வச்சு டிவி லிமிடெட் எதிர்பார்த்தா இருட்டுல இருக்கறது எல்லாம் தாரு ஊத்தின மாதிரி மூடிக்கும், எதிரி நிக்கறதே தெரியாது. தலைகீழா வச்சா கருப்பு சாம்பலாயிடும், பிளாஸ்மா வச்சிருக்கறதே கருப்புக்காகத்தான்.

இப்போ நான் ரொம்ப முக்கியமா நினைக்கற ஒண்ணு. கேம்ல பெர்ஃபார்மன்ஸ் மோட் (பெரும்பாலும் 60 ஃபிரேம்), குவாலிட்டி மோட் (பெரும்பாலும் 30 ஃபிரேம்)னு ரெண்டு இருந்தா கண்ணை மூடிட்டு பெர்ஃபார்மன்ஸ் போடுங்க. ஏன்னா 30 ஃபிரேம் கேம்ல ஒவ்வொரு ஃபிரேமும் ரெண்டு தடவை எரியுது, கண்ணு நகர்ந்துட்டே இருக்க ஒரே படம் ரெண்டு தடவை பளிச்சிடறதால கேமராவைத் திருப்பும்போது ஓரங்கள் இரட்டையாத் தெரியும். எல்சிடியில அந்த இரட்டை கலங்கல்லயே கரைஞ்சிடும், பிளாஸ்மா தெளிவா காட்டறதால இதையும் தெளிவா காட்டிடுது. 60 ஃபிரேம் போட்ட உடனே ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து கண்ணாடி மாதிரி நிக்கும். பிளாஸ்மாவோட முழு அருமையும் 60லதான் இருக்கு, கிராஃபிக்ஸ் கொஞ்சம் குறைஞ்சாலும் பரவாயில்ல.

ஸ்கிரீன் மங்கற நேரத்தையும் இப்பவே வைங்க. பிஎஸ்4ல ஆட்டோ டிம்மிங், எக்ஸ்பாக்ஸ்ல டிம் ஸ்கிரீன், நின்டெண்டோ ஸ்விட்ச்ல ஸ்கிரீன் பர்ன் இன் ரிடக்‌ஷன்னே ஒரு ஆப்ஷன் இருக்கு. எல்லாத்தையும் ஆன் பண்ணுங்க, நேரம் மாத்த முடிஞ்சா இருக்கறதுலயே கம்மியானதை வைங்க. கன்சோலோட ஹோம் ஸ்கிரீன் தீமை இருட்டானதா மாத்திடுங்க.

ஸ்டெப் 5: டிவி செட்டிங்

டைனமிக், விவிட்னு இருக்கற மோடைத் தொடாதீங்க. அது கடை வெளிச்சத்துல ஆளைக் கூப்பிடறதுக்கு வச்சது. கேம் மோட் போட்டா சில செட்ல கான்ட்ராஸ்ட் தானா உச்சத்துக்குப் போயிடும், போட்டுட்டு நீங்களே இறக்குங்க. சாம்சங்ல செல் லைட்டுன்னு 20 வரைக்கும் இருக்கும், பானாசோனிக்கோட உயர்ந்த மாடல்ல பேனல் பிரைட்னஸ்னு இருக்கும், பாஸ்பர் எவ்வளவு உழைக்கணும்னு சொல்றது இதுதான். நான் ராத்திரி ஆடும்போது செல் லைட்டை 10க்கும், கான்ட்ராஸ்ட்டைப் பாதிக்குக் கொஞ்சம் மேலயும் வச்சிருக்கேன், இருட்டு ரூமுக்கு அது தாராளம்.

பிரைட்னஸ்னு இருக்கறது கருப்போட அளவு, அதை கேம் ஆரம்பத்துல "இந்தச் சின்னம் லேசாத் தெரியற வரைக்கும் நகர்த்துங்க"ன்னு காட்டுவாங்கல்ல, அதை வச்சே சரி பண்ணலாம். நாய்ஸ் ரிடக்‌ஷன், ஃபிலிம் மோட், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஃபிரேம் கிரியேஷன், ஜட்டர் கேன்சலர்னு எது இருந்தாலும் ஆஃப், இது ஒவ்வொண்ணும் படத்தைப் புடிச்சு வச்சு வேலை பார்த்துட்டு அனுப்பும், உங்க கை அமுக்கினதுக்கும் ஸ்கிரீன்ல நடக்கறதுக்கும் நடுவுல அந்த நேரம் போயிடும். பிக்சல் ஷிஃப்ட் அல்லது பிக்சல் ஆர்பிட்டர் மட்டும் எப்பவும் ஆன்ல இருக்கட்டும், அது படத்தை அப்பப்போ ரெண்டு மூணு புள்ளி நகர்த்தும், ஆடும்போது தெரியவே தெரியாது.

பனிக்காட்சி வந்த உடனே மொத்தப் படமும் மங்கற மாதிரி தெரிஞ்சா பயப்படாதீங்க. கரண்ட் அளவைக் கட்டுப்படுத்த டிவி தானாப் பண்றது அது, அணைக்க முடியாது. வெள்ளை சுவர் முன்னாடி கருப்பு ஆள் வேகமா நகர்ந்தா பச்சையோ மஞ்சளோ ஒரு வால் தெரியும், பச்சை பாஸ்பர் அணையறதுக்கு மத்ததை விட நேரம் எடுக்கறதால வர்றது. சிலர் கண்ணுக்கு ரொம்பத் தெரியும், சிலருக்குத் தெரியவே தெரியாது, என் தம்பிக்கு முதல் நாளே தெரிஞ்சுது, எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும்.

ஸ்டெப் 6: லேக் அளந்து பாருங்க

பிளாஸ்மா படம் மாறறது படு வேகம், ஆனா அது வேற, இன்புட் லேக், அதாவது நீங்க பட்டனை அமுக்கினது ஸ்கிரீன்ல வர்ற வரைக்கும் ஆகற தாமதம், வேற. உள்ள இருக்கற பிராசஸர் படத்தைத் துண்டு துண்டாப் பிரிக்க நேரம் எடுக்கும், சில செட்ல கேம் மோட் போட்டும் 40, 50 மில்லி செகண்டுக்கு மேல போகும், அதாவது ரெண்டு மூணு ஃபிரேம். கதை கேம், ரேஸ், புட்பாலுக்குப் பழகிடும். ஃபைட்டிங், ஆன்லைன் ஷூட்டிங் போட்டியா ஆடறவங்களுக்கு அது வித்தியாசம்தான், அவங்க ஒரு நல்ல கேமிங் மானிட்டர் வாங்கறதுதான் நியாயம், இதை நான் மறைக்கல.

அளக்கறதுக்கு மெஷின் வேண்டாம். லேப்டாப்பை டிவியில மாட்டி ரெண்டு ஸ்கிரீன்லயும் ஒரே படம் வர்ற மாதிரி வச்சு, மில்லி செகண்ட் ஓடற ஒரு ஸ்டாப் வாட்சை ஓட விட்டு, ரெண்டையும் சேர்த்து போன்ல ஸ்லோ மோஷன் எடுங்க. வீடியோவை நிறுத்தி ரெண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்க, ஒரு பத்து இடத்துல பார்த்து சராசரி எடுங்க. லேப்டாப் ஸ்கிரீனை விட டிவி எவ்வளவு பின்னாடி இருக்குங்கறதுதான் அது. இப்போ ஒவ்வொரு செட்டிங்கா மாத்தி அளங்க. சாம்சங் செட்ல எச்டிஎம்ஐ போர்ட்டோட பேரை பிசின்னு மாத்தினா பல பிராசஸிங் தானா விலகிடும், எழுத்தும் கூர்மையாகும், கேம் மோடை விட இது வேகமா இருக்கான்னு உங்க செட்ல பார்த்துக்கங்க. நடுவுல சவுண்ட் ரிசீவர் மாட்டியிருந்தா ஒரு தடவை நேரடியா மாட்டியும் அளந்து பாருங்க.

ஸ்டெப் 7: தழும்பு விழாம ஆடறது

எல்லாரும் பயப்படற இடம் இது. ரெண்டு விஷயத்தைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கங்க. ரெண்டு மணி நேரம் ஆடிட்டு மெனுவுக்கு வந்தா மேப்போட வடிவம் நிழல் மாதிரி நிக்கும், இது தற்காலிகம், வேற படம் ஓட ஓட மறைஞ்சிடும். இன்னொண்ணு நிரந்தரம், பாஸ்பரே தேஞ்சு போனது, அது போகாது. முதலாவது வந்ததும் பதறி டிவியை வித்துடாதீங்க, அதே நேரம் அது தினமும் அதே இடத்துல வந்தா ரெண்டாவதுக்கு வழி போடுதுன்னு அர்த்தம்.

நான் பார்த்த வரைக்கும் கேம் ஆடறது பிளாஸ்மாவைக் கெடுக்கறது இல்ல, ஒரே கேமை மட்டும் மாசக்கணக்குல ஆடறதும் பாதியில பாஸ் (pause) பண்ணி நிறுத்திட்டு எந்திரிச்சுப் போறதும்தான் கெடுக்குது. சாப்பிடக் கூப்பிட்டாங்கன்னு பாஸ் பண்ணிட்டுப் போய் அப்படியே அரை மணி நேரம் பேசிட்டு வர்றது இருக்கே, அதான் ஆபத்து, அந்தப் பாஸ் மெனுவுல ஒரு அணுவும் அசையாது. போறதுன்னா டிவியை ஆஃப் பண்ணிட்டுப் போங்க, கன்சோல் அதுபாட்டுக்கு ஓடட்டும், வந்து ஆன் பண்ணா விட்ட இடத்துல இருக்கும்.

ஜிடிஏ 5ல கீழ இடது மூலையில மேப், புட்பால் கேம்ல மேல மூலையில ஸ்கோர், ஷூட்டிங் கேம்ல நடுவுல குறி, ஒவ்வொரு கேமுக்கும் ஒரு இடம் இருக்கும். செட்டிங்ல போய் மேப்பை ஆஃப் பண்ண முடியுமா, தேவைப்படும்போது மட்டும் வர்ற மாதிரி வைக்க முடியுமா, ஒளி ஊடுருவற மாதிரி மங்கலாக்க முடியுமான்னு பாருங்க, இப்போ வர்ற பெரிய கேம்ல பலதுல இது இருக்கு. மேப் இல்லாம ஊர் சுத்திப் பாருங்க, கடை போர்டைப் பார்த்து வழி கண்டுபுடிக்கறது தனி சுகம். நான் ஒரு கேமை ஒன்றரை மணி நேரம் ஆடினா அடுத்து ஒரு அரை மணி நேரம் முழு ஸ்கிரீன்ல படமோ வேற மாதிரி கேமோ ஓட விடுவேன். மேலயும் கீழயும் கருப்புப் பட்டை வர்ற சினிமாவை இதுக்குப் போடாதீங்க, ஸ்கிரீன் முழுக்க நிறையற கிரிக்கெட் ஹைலைட்ஸ் கூட லோகோவோட வரும், காடு மலை மிருகம்னு ஓடற வீடியோதான் நல்லது.

நிழல் விழுந்துருச்சுன்னா டிவி மெனுவுல ஸ்க்ரோலிங் பார், ஒயிட் வாஷ், பர்ன் புரொடெக்‌ஷன்னு ஏதாவது ஒரு பேர்ல ஒண்ணு இருக்கும், சிலதுல ஒரு வெள்ளைப் பட்டை ஸ்கிரீன்ல போய் வந்துட்டு இருக்கும், சிலதுல ஸ்கிரீன் முழுக்க வெள்ளையா வரும், அரை மணி நேரம் விடுங்க. முதல் தடவையே போகலன்னா வழக்கமான நிகழ்ச்சிகளை முழுத்திரையில ரெண்டு மூணு நாள் ஓட விட்டா போயிடும். ராத்திரி முழுக்க வெள்ளை ஸ்கிரீன் போட்டு வைங்கன்னு சிலர் சொல்வாங்க, அது மொத்தப் பேனலையும் தேய்க்கற வேலை, நான் பண்ண மாட்டேன்.

பழைய கன்சோல், பிசி, 3டி

பிஎஸ்2 வச்சிருக்கறவங்க மஞ்சள் சிவப்பு வெள்ளை வயரை விட்டுட்டு காம்போனென்ட் கேபிள் (படத்துக்கு மட்டும் பச்சை நீலம் சிவப்புன்னு மூணு வயர் வர்றது) மாட்டுங்க, பெரும்பாலான பிளாஸ்மாவுல அந்த போர்ட் இருக்கும், வித்தியாசம் பெருசு. நம்மகிட்ட இருக்கற பிஏஎல் (PAL, நம்ம ஊர் பழைய டிவி முறை) டிஸ்க்ல ஆரம்பத்துல 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸான்னு கேட்டா 60ஐ அமுக்குங்க, 50ல சில பிளாஸ்மாவுல படம் துடிக்கறது கண்ணுக்குத் தெரியும், கேமும் பல சமயம் மெதுவா ஓடும். 4:3 கேமுக்கு ரெண்டு பக்கமும் பட்டை வரும், டிவியில பட்டையை சாம்பலா மாத்தற வசதி இருந்தா அதைப் போடுங்க, தினமும் மணிக்கணக்குல கருப்புப் பட்டையோட ஆடினா நடுப்பகுதி மட்டும் தேயும். ஸ்கிரீனை நோக்கிச் சுடற பழைய லைட் கன் துப்பாக்கி எதுவும் இதுல வேலை செய்யாது, அது பிக்சர் டியூப் டிவியில கோடு கோடா ஓடற வெளிச்சத்தை நம்பிச் செஞ்சது.

பிசி மாட்டறவங்க டாஸ்க் பார் தானா மறையற மாதிரி வைங்க, வால்பேப்பர் கருப்பு, ஸ்கிரீன் சேவர் ரெண்டு நிமிஷம். டெஸ்க்டாப்ல பிரவுசர் திறந்து வச்சு வேலை பார்க்க இந்த டிவி ஆகாது, கேமுக்கு மட்டும் வச்சுக்கங்க.

உங்க செட் 3டி மாடலா இருந்து கண்ணாடியும் கூட வந்திருந்தா பிஎஸ்3ல 3டி கேம் ஒண்ணாவது ஆடிப் பாருங்க. பிளாஸ்மா வேகமா அணையறதால ஒரு கண்ணுக்கான படம் இன்னொரு கண்ணுக்கு ஒழுகறது அந்தக் கால எல்சிடியை விடக் கம்மியாத்தான் இருந்துச்சு. இப்போ வர்ற புது டிவியில 3டி கிடைக்கறதே அரிது.

ரிப்பேர்

பின்னாடி மூடியை நீங்களே கழட்டாதீங்க. உள்ள பேனலை ஓட்டற சஸ்டெயின் போர்டுக்கு 200 வோல்ட் பக்கம் போகுது, பிளக்கைப் புடுங்கின அப்புறமும் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும். ஆன் ஆகாம சிவப்பு லைட் மட்டும் மினுக்குச்சுன்னா எத்தனை தடவை மினுக்கி நிக்குதுன்னு எண்ணி எழுதி வைங்க, எந்த போர்டு போச்சுங்கறதுக்கு அது ஒரு துப்பு, மெக்கானிக்குக்கு நேரம் மிச்சம். வயசான மெக்கானிக்கா தேடுங்க, பிக்சர் டியூப் காலத்துல இருந்து வேலை பார்க்கறவங்களுக்குத்தான் இதுல கை வைக்கற தைரியமும் பக்குவமும் இருக்கு.

அதோட உங்க மாடல் நம்பரையும் பின்னாடி பேனல் ஸ்டிக்கர்ல இருக்கற நம்பரையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, கண்ணாடி உடைஞ்ச அதே மாடல் செட் எங்கயாவது எடைக்கு வருதான்னு ஒரு கண்ணு வச்சிருங்க. போன வருஷம் எனக்கு அப்படி ஒண்ணு கிடைச்சுது, மெக்கானிக் அண்ணன் போர்டு எல்லாத்தையும் அலுங்காமக் கழட்டிக் குடுத்தாரு, பபுள் கவர்ல சுத்தி பீரோ மேல வச்சிருக்கேன்.